ஓட்டுநருக்கு நேரம் கொடுங்கள்: இளம் சாலைப் பொறியாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மீனாட்சிபுரம் எல்லைப் பக்கம் சாலை வேலையில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். பொள்ளாச்சி-பாலக்காடு போக்குவரத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். தேங்காய் லாரி, காய்கறி லாரி, சந்தை நாளில் மாடு ஏற்றிய வண்டி, சித்தூர்க் கள் வண்டி. இவற்றுக்கு இரண்டடி தள்ளித்தான் உங்கள் ஆட்கள் குனிந்து தார் போடுவார்கள். ஆகவே தாரின் சூட்டைப் பார்க்கும் முன், வருகிற ஓட்டுநருக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்கை மிதிக்க இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வைத்திருக்கும் கணக்கு 2.5 நொடி. அதற்குள்ளேயே 55 மீட்டர் கடந்துவிடும். நிற்பதற்கு மொத்தம் 120 மீட்டர் வேண்டும். மழையும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் அதுவும் போதாது. குழிக்குப் பக்கத்திலேயே நட்ட பலகையால் யாருக்கும் பயனில்லை.

அதே அமைப்பின் எஸ்.பி. 55 வழிகாட்டியை வரி விடாமல் படியுங்கள். முன்னெச்சரிக்கை, பாதை மாற்றம், வேலை, பழைய பாதைக்குத் திரும்புதல் என்று பணியிடத்தை அது பிரிக்கிறது. வேலையாட்களுக்கு முன்னால் கொஞ்ச தூரம் காலியாக இருக்க வேண்டும். ஜல்லி கொட்டவும் ரோலர் நிறுத்தவும் மதியம் தலைசாய்க்கவும் எல்லோரும் தேடுவது அந்த இடத்தைத்தான். விடாதீர்கள். தடம் தவறிய வண்டி ஆள்மேல் ஏறாமல் நிற்பதற்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றே.

உங்கள் ஊருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று பலகையையும் கோனையும் சாய்த்துவிடும். அடியில் மணல் மூட்டை வையுங்கள். ஓட்டுநர்கள் தமிழும் மலையாளமும் படிப்பார்கள். வேலையாட்களில் பலர் வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஆகவே எழுத்தைவிடப் படக்குறியை நம்புங்கள். கொடி பிடிக்க, வேறு வேலை செய்ய முடியாதவரை நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூர்ந்து பார்க்கிற, சட்டென்று முடிவெடுக்கிற ஆளை நிறுத்துங்கள். ஒளிரும் மேலங்கி கொடுங்கள். அடிக்கடி ஆள் மாற்றி ஓய்வு கொடுங்கள்.

வேலை இல்லாத நாளில் பலகையை எடுத்துவிடுங்கள். வெறும் சாலையில் 'மெதுவாகச் செல்லவும்' என்று பத்து நாள் படித்தவர், ஆள் இருக்கும் பதினோராம் நாள் அதை நம்பமாட்டார்.

நாளை இடுக்கி மலைப்பாதைக்கு உங்களை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. தேவிகுளம் அருகே கேப் ரோட்டில், சாலையை அகலப்படுத்தும்போது 2019 அக்டோபரில் மலை சரிந்து உயிர்ப்பலி ஆனது. அங்கே நேரம் தேவைப்படுவது வேலையாளுக்கு. சரிவை மட்டுமே பார்த்துக்கொண்டு குரல் கொடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். மழை வலுத்தால் வேலையை நிறுத்துங்கள்.

செலவு கூடுகிறது என்று காண்ட்ராக்டர் முகம் சுளிப்பார். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198ஏ பிரிவைக் காட்டுங்கள். பாதுகாப்பு விதியை மீறிக் கட்டியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு அது மிகச் சிறிய தொகை. ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். முகப்பு விளக்கைத் தாழ்த்தி, இரு திசையிலிருந்தும் உங்கள் சைட்டை ஒருமுறை ஓட்டிக் கடந்து பாருங்கள். எங்கே உங்கள் கால் தயங்குகிறதோ, அங்கே ஒரு பலகையோ விளக்கோ குறைகிறது. அதை வைத்த பிறகு வீட்டுக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா