படகில் கேபின் வைக்கும் முன்



கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலுக்குப் போகும் சகோதரர்களில் சிலர், தங்கள் ஃபைபர் படகில் தாங்களே சிறு கேபின் அமைக்க உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருகிறார்கள். வெயிலும் மழையும் தலையில் விழ, மணிக்கணக்கில் நின்று படகோட்டுவது எளிதல்ல. கேட்பது நியாயமே. ஆனால் டிரஸ்டின் பணம் அமானத். அந்தக் கேபினே படகைக் கவிழ்த்துவிட்டால் அல்லாஹ்விடம் நாம் என்ன பதில் சொல்வோம்?

ஒரே கப்பலில் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் இருந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் உவமையாகச் சொன்ன ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தண்ணீருக்காக மேலே போய் வருவது மற்றவர்களுக்குத் தொந்தரவாகிறதே என்று கீழே இருந்தவர்கள் தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைத்தார்கள். நிய்யத் கெட்டதல்ல. ஆனாலும் மற்றவர்கள் தடுக்காவிட்டால் எல்லோருக்கும் அழிவு. படகு நம்முடையது என்பதற்காக அதில் எதையும் செய்துவிட முடியாது. அதில் ஏறும் ஒவ்வோர் உயிருக்கும் நாம் பொறுப்பு.

கீழே ஓட்டை போடுவது போலவே மேலே பாரம் ஏற்றுவதும் ஆபத்து. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். மீன்பிடி படகாக இருந்ததை மாற்றி மேல்தளம் கட்டியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களையும் ஏற்றியிருந்தார்கள். இறந்தவர்களில் 11 பேர் ஒரே குடும்பம்.

ஐம்பது கிலோ பாரம் படகின் அடியில் இருந்தால் படகை நிலைநிறுத்தும். அதையே தலை உயரத்தில் வைத்தால், அலையில் சாயும் படகை மேலும் சாய்க்கும். அடைத்த பக்கச் சுவர்கள் பாயைப் போலக் காற்றைப் பிடிக்கும். கரையலையைக் கடக்கும்போது இரண்டும் சேர்ந்தால் நிமிர நேரமிருக்காது.

எனவே கேபின் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. இரும்புத் தகடு, கனமான பலகை வேண்டாம். அலுமினியக் குழாய்ச் சட்டமும் தார்ப்பாய்க் கூரையும் போதும். உயரம் குறைவாக இருக்கட்டும்.

2. பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். படகு கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் சிக்கிக்கொள்ளக் கூடாது.

3. ஓட்டுபவருக்கு முன்பக்கமும் இரு பக்கமும் மறைவின்றித் தெரிய வேண்டும்.

4. கூரைமேல் வலையோ, ஐஸ் பெட்டியோ, ஆளோ ஏறக் கூடாது.

5. கேபின் வைக்கும் முன்பும் பின்பும், அலையில்லாத தண்ணீரில் படகின் விளிம்பை அழுத்தி விட்டுப் பாருங்கள். முன்பு சட்டென நிமிர்ந்த படகு இப்போது மெதுவாக நிமிர்ந்தால், பாரம் மேலே கூடிவிட்டது என்று பொருள். உடனே கழற்றிவிடுங்கள்.

6. வேலை தொடங்கும் முன் அனுபவமுள்ள படகு கட்டுபவரிடமும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கேளுங்கள்.

இவற்றுக்கு உடன்படுபவர்களுக்கு இன்ஷா அல்லாஹ் டிரஸ்ட் உதவும். முதலில் லைஃப் ஜாக்கெட், பிறகே கேபின். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். வீட்டிலுள்ள தாய்மார்களும் இதைக் கேட்டு வற்புறுத்துங்கள். கரையில் காத்திருப்பவர்கள் நீங்கள்தானே.

கடலுக்குப் போகும் ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமாகக் கரை சேர்ப்பானாக. ஆமீன்.