கடற்பாலம் தாண்டும் மோட்டார்சைக்கிளுக்கு: ஹெல்மெட் குறிப்புகள்

ஜோகூர்பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று இருட்டோடு மோட்டார்சைக்கிளைக் கிளப்பும் குடும்பங்கள் ஏராளம். சனி, ஞாயிறு வந்தால் சாமான் வாங்கவும் உறவினர் வீட்டுக்கும் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு. இரண்டு நாட்டிலும் ஹெல்மெட் கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வருவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்களில்தான்.

1. ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருமே ஹெல்மெட் அணிய வேண்டும். மலேசியாவில் 1973ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே இது நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூரிலும் அப்படித்தான். பக்கத்துக் கடை வரைக்கும்தானே என்ற சலுகை எந்தப் பக்கமும் கிடையாது.

2. புது ஹெல்மெட் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் ஒட்டுவில்லையைப் பாருங்கள். மலேசியாவில் விற்கும் ஹெல்மெட்டில் எம்.எஸ். 1 தரத்துக்கான சிரிம் வில்லை இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு அந்நாடு அங்கீகரித்த வகை என்று காட்டும் வில்லை வேண்டும். பழைய ஆட்கள் இன்னமும் ‘பிஎஸ்பி ஸ்டிக்கர்’ என்றே கேட்பார்கள். சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டி வைத்திருப்பவர்கள் ஜோகூரில் விலை மலிவு என்று வாங்கி வருவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எவ்வளவு பெரிய கம்பெனி ஹெல்மெட்டாக இருந்தாலும், சிங்கப்பூர் அங்கீகாரம் இல்லாவிட்டால் அங்கே அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது குற்றம். ரிங்கிட்டில் மிச்சம் பிடித்ததைச் சிங்கப்பூர் வெள்ளியில் கட்ட நேரும்.

3. அந்த வில்லையைப் பத்திரமாகக் காப்பாற்றுங்கள். அழகுக்காகப் பின்பக்கம் படம் ஒட்டுகிறவர்கள் அதன் மேலேயே ஒட்டிவிடுவார்கள். கழுவும்போது நாரால் தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். வாங்கிய அன்றே வில்லையையும் ரசீதையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தெருவோரக் கூடாரத்தில் வில்லையைத் தனியாக ஒட்டித் தரும் ஹெல்மெட்டை வாங்கவே வேண்டாம்.

4. தாடைப் பட்டை. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். முதல் சோதனைச் சாவடியில் முகம் காட்டுவதற்காகப் பட்டையைக் கழற்றுகிறோம். அடுத்த சாவடி கண்ணெதிரே தெரிகிறது; திரும்பக் கழற்றத்தானே போகிறோம் என்று மாட்டாமலே கிளம்பிவிடுகிறோம். காலை நேரத்தில் கடற்பாலத்தில் நின்று பார்த்தால் பட்டை இரண்டு பக்கமும் காற்றில் ஆடும் ஹெல்மெட்டுகள் வரிசையாகப் போவதைக் காணலாம். ஆனால் தூரம் குறைவில்லை: 1924இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1998இல் வந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். லாரிக்கும் பேருந்துக்கும் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நெருக்கியடித்துப் போகும் இடங்கள் இவை. பட்டை மாட்டாத ஹெல்மெட் விழுந்த வேகத்தில் தலையை விட்டுக் கழன்று உருண்டுவிடும்; அதன்பின் தலைக்கு ஒன்றுமே இல்லை. சட்டமும் பட்டையை இறுக்கி மாட்டினால்தான் ஹெல்மெட் அணிந்ததாகக் கணக்கில் எடுக்கும். ஐந்து விநாடி வேலை. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தாலும் மாட்டிவிட்டே கிளம்புங்கள்.

5. சாவடியில் தடுமாறாமல் இருக்க, வரிசையில் நிற்கும்போதே முகக்கண்ணாடியை உயர்த்தி, முகத்துணியைத் தாடைக்குக் கீழே இறக்கி, வலக்கைக் கையுறையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கைரேகை கேட்பார்கள், முகமும் தெரிய வேண்டும். அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டியதுதான். கழற்றியதைப் பெட்ரோல் தொட்டியின் மேல் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உருண்டு சிமெண்டுத் தரையில் விழும் ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

6. பின்னால் அமர்பவரின் ஹெல்மெட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ஓட்டுபவருக்கு முகம் மூடும் நல்ல ஹெல்மெட், மனைவிக்கோ அம்மாவுக்கோ ஸ்டோர் ரூமில் கிடந்த ஏதோ ஒன்று என்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. உள்பஞ்சு உதிர்ந்து, கொக்கி வேலை செய்யாமல், பட்டையை முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். விபத்தில் பின்னால் இருப்பவரும் தூக்கி எறியப்படலாம். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். பட்டையை மாட்டியபின் ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முன்பக்கமாகக் கழன்று வந்தால் அது அந்தத் தலைக்கு உரியது அல்ல. புதிதாக ஒன்று வாங்க முடியும் என்றால், முதலில் அவருக்கு வாங்குங்கள்.

7. சிங்கப்பூரில் பத்து வயது நிரம்பாத பிள்ளையைப் பின்னால் ஏற்றக்கூடாது. ஹெல்மெட் சரியான அளவில் இருந்தாலும் கூடாது. ஜோகூரில் பள்ளிக்கு அப்படியே கொண்டு விட்டுப் பழகிய அப்பாக்கள் பள்ளி விடுமுறையில் இதை மறந்துவிடுகிறார்கள். பேருந்தில் கூட்டிச் செல்லுங்கள்.

8. கொண்டை போட்டால் ஹெல்மெட் முழுதாக இறங்காது; நெற்றிக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். தாழ்வாகப் பின்னல் போட்டுக்கொள்வது நல்லது. பூவைக் கைப்பையில் எடுத்துப் போய், இறங்கியபின் வைத்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முடியோடு அளவெடுத்து வாங்கிய ஹெல்மெட் மொட்டைத் தலையில் தளர்ந்து சுற்றும். மெல்லிய பருத்தித் தொப்பியை உள்ளே போட்டுக்கொண்டால் கொஞ்சம் பிடிக்கும், சந்தனமும் உள்துணியில் அப்பாது. அப்படியும் ஆடினால் கன்னப்பஞ்சைத் தடிமனாக மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கேளுங்கள். நேர்த்திக்கடன் என்று சொல்லி ஹெல்மெட் இல்லாமல் போகச் சட்டத்தில் இடமில்லை. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் இரு நாட்டிலும் விலக்கு உண்டு.

9. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர்களுக்குக் கறுப்பு முகக்கண்ணாடி ஆகாது. ஐரோப்பியத் தர ஹெல்மெட்டுகளில் நிறம் கூடிய கண்ணாடிக்குப் பகலில் மட்டும் என்ற குறியே இருக்கும். தெளிந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெயிலுக்குத் தனியாகக் குளிர்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர்விளக்கு சிதறி வழியே தெரியாது. மழைக்காலம் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள்.

10. வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைப் பக்கக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணாடியின் முனை உள்ளிருக்கும் நுரையில் குழி போட்டுவிடும். தாடைப் பட்டையின் இரும்பு வளையத்தில் மெல்லிய கம்பிப் பூட்டு கோர்த்து வண்டியோடு பூட்டலாம். பின்னால் வந்தவருடையதையும் சேர்த்துத்தான். ஜோகூரில் ஹெல்மெட் காணாமல் போனால், அவசரத்துக்கு வாங்கும் ஹெல்மெட்டோடு சிங்கப்பூருக்குள் திரும்ப வேண்டி வரும். இரண்டாம் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

11. இரவல் வண்டியில் இரட்டைக் கவனம் வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை அல்லது நிரந்தரவாசம் உள்ளவர், மச்சானுடையதே ஆனாலும், மலேசியப் பதிவெண் வண்டியைச் சிங்கப்பூருக்குள் ஓட்டக்கூடாது. ஜோகூரிலிருந்து போகிறவர் நண்பரின் சிங்கப்பூர் வண்டியை எடுத்தால், ஹெல்மெட்டும் சிங்கப்பூர் வில்லை உள்ளதாகவே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

12. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே தெர்மோகோல் போல இருக்கும் வெள்ளை நுரைதான் நசுங்கி அதிர்ச்சியை வாங்குகிறது. நசுங்கியது திரும்ப எழாது. வெளி ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். அடிபடாவிட்டாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். தினமும் வியர்வையில் ஊறும் ஹெல்மெட்டுக்கு அதுவே அதிகம். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம். குழந்தைக் குளியல் ஷாம்பு போதும். நிழலில் காய வையுங்கள்.

13. புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக ஹட்யாய் வரை போகிறவர்களுக்கு: தாய்லாந்திலும் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2022 முதல் அபராதம் 2000 பாட் வரை போகலாம். உள்ளூர்க்காரர்கள் சிலர் ஹெல்மெட் இல்லாமல் போவதைப் பார்த்துவிட்டு நீங்களும் கழற்ற வேண்டாம். தாய்லாந்துக் காப்புறுதியை எல்லைக்கு இந்தப் பக்கமே எடுத்து, தாளை மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் வையுங்கள்.