வீட்டில் கட்டிய வால்வுப் பெருக்கியில் பழுது காணும் முறை

1935-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா கல்லூரியின் மனோதத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே 30 வாட்டு ஒலிபரப்பு யந்திரம் ஒன்றை இயக்கினார். அந்நிலையம் 'ஆகாசவாணி' எனப் பெயர் பெற்றது. அப்பெயரைப் பிற்காலத்தில் அகில இந்திய வானொலியும் ஏற்றுக்கொண்டது. 1961-இல் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கிய பின்னர், வீட்டு மேசையில் பெருக்கி கட்டும் ஆர்வம் நம் நாட்டில் எளிதில் கைகூடியது. இன்று ருஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரும் வால்வுகளைக் கொண்டு இளைஞர் பலர் அதே வேலையை மேற்கொள்கின்றனர். கட்டுவது பாதி வேலையே. பழுது காண்பது மறுபாதி.

இ.சி.சி.83 முன்நிலையாகவும், இ.எல்.84 இறுதிநிலையாகவும், இ.இசட்.81 மின்திருத்தியாகவும் அமைந்த சிறு பெருக்கியை உதாரணமாகக் கொள்வோம். இதில் உயர் மின்னழுத்தம் 250 முதல் 300 வோல்ட்டு வரை இருக்கும். சுவிட்சை அணைத்த பின்னும் வடிகட்டும் மின்தேக்கிகளில் இம்மின்னழுத்தம் தங்கியிருத்தல் கூடும். அது உயிரைப் போக்கவல்லது. ஆகவே பிளக்கைச் சுவரிலிருந்து உருவியபின், 10,000 ஓம், 5 வாட்டு மின்தடை ஒன்றை நன்கு காப்பிட்ட பிடியில் பொருத்தி, மின்தேக்கியின் நேர்முனைக்கும் அடித்தட்டுக்கும் இடையே சில விநாடிகள் பிடித்திருத்தல் வேண்டும். 50 மைக்ரோபாரட் மின்தேக்கி இவ்வாறு மூன்று விநாடிக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். எனினும் மீட்டரை வைத்துப் பாராமல் கை வைத்தல் ஆகாது. மின்சாரம் ஓடும்போது அளப்பவர் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்க.

பழுதுற்ற பெருக்கியை நேரே மின்சாரத்தில் இணைத்தல் தவறு. 100 வாட்டு இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் இட்டுத் தொடங்குக. பல்பு முதலில் ஒளிர்ந்து பின்னர் மங்குமாயின் பெரும் குறுக்கிணைப்பு இல்லை என்று கருதலாம். மங்காமல் எரியுமாயின் உடனே அணைத்துவிட வேண்டும். அங்ஙனம் செய்தால் எளிதிற் கிட்டாத மின்மாற்றி காப்பாற்றப்படும்.

பல்பை நீக்கியபின் முதலில் அளக்க வேண்டியது இ.எல்.84-இன் எதிர்மின்வாய் மின்னழுத்தமே. அங்கு 135 ஓம் மின்தடை இருப்பின் சுமார் 7.3 வோல்ட்டு காணப்படும். அதாவது 54 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதற்குப் பதிலாக 9.7 வோல்ட்டு தென்பட்டால் ஓட்டம் 72 மில்லி ஆம்பியர் ஆகிவிட்டது என்று பொருள். இவ்வால்வின் தகடு தாங்கும் வரம்பு 12 வாட்டு. இந்நிலையில் 15 வாட்டுக்கும் மேலாக அதன்மேல் விழுகிறது. விரைவில் தகடு செந்நிறமாகக் கனலும்.

காரணம் பெரும்பாலும் இணைப்பு மின்தேக்கியின் கசிவே. பழைய காகித மின்தேக்கிகள் ஈரத்தை உறிஞ்சுபவை. பாலாறு போன்ற ஆற்றோர ஊர்களில் மழைக்காலத்தே இக்குறை மிகும். முன்நிலைத் தகட்டில் 170 வோல்ட்டும், இறுதி வால்வின் கிரிட்டில் 4,70,000 ஓம் மின்தடையும் இருக்கையில், மின்தேக்கி 20 மெகஓம் அளவே கசிந்தாலும் கிரிட்டில் ஏறத்தாழ 3.9 வோல்ட்டு நேர் மின்னழுத்தம் ஏறிவிடும். 20 மெகஓமைச் சாதாரண ஓம் மீட்டர் காட்டாது என்பதால், "மின்தேக்கி நன்றாகவே உள்ளது" என்று பலர் ஏமாறுகின்றனர். வோல்ட்டுக்கு 20,000 ஓம் தரமுள்ள ஊசி மீட்டரை 10 வோல்ட்டு அளவில் வைத்தால் அதன் சுமையாலேயே 1.2 வோல்ட்டு மட்டும் தெரியும். 10 மெகஓம் உள்தடை கொண்ட இலக்க மீட்டரோ ஏறக்குறைய உள்ளபடி காட்டும்.

ஆயின் வால்வினுள் வாயு மிகுந்தாலும் கிரிட்டு நேர்முனையாகும். இரண்டையும் பிரித்தறிய, இ.எல்.84-ஐக் கழற்றிவிட்டு அதே இடத்தைச் சில விநாடிகள் அளக்க வேண்டும். மின்னழுத்தம் நீடித்தால் குற்றம் மின்தேக்கியுடையது, மறைந்தால் வால்வுடையது. புது வால்வு வாங்கிப் பொருத்துவதற்கு முன் இச்சோதனையைச் செய்யாதார் அதனையும் எரித்துவிடுவர்.

தகட்டில் மின்னழுத்தமே இன்றித் திரைக்கம்பி மட்டும் சிவந்தால், வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுருள் அறுந்திருக்கும். ஸ்பீக்கர் இணைக்காமல் பெருக்கியை முழு ஒலியில் ஓட்டுவோர்க்கு இவ்விபத்து நேர்வதுண்டு.

இரைச்சலைப் பொறுத்தவரை காதே நல்ல கருவி. இறுதி வால்வின் கிரிட்டை அடித்தட்டுடன் இணைத்தும் விநாடிக்கு 100 சுழற்சி இரைச்சல் நீங்காவிடில் வடிகட்டும் மின்தேக்கி வறண்டது எனலாம். 50 சுழற்சி முனகல் பொதுவாக இழைக் கம்பிகளிலிருந்தோ தரையிணைப்பிலிருந்தோ வருவது. மின்தேக்கியை மாற்றுவோர் 'பெரியதே சிறந்தது' என்று எண்ணுதல் கூடாது, இ.இசட்.81-ஐ அடுத்து 50 மைக்ரோபாரடுக்கு மேல் இடின் அவ்வால்வு சேதமுறும்.

புதிதாகக் கட்டிய பெருக்கி, முதன்முறை சூடேறியதும் ஸ்பீக்கர் கிழியும்படி ஊளையிட்டால் வால்வுகளைக் குறைகூற வேண்டா. எதிர்ப்பின்னூட்டக் கம்பி தலைகீழாக அமைந்து, ஒலியைக் குறைப்பதற்கு மாறாக வளர்க்கிறது. உடனே அணைத்து, மின்தேக்கிகளை வடித்தபின், வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுருளின் இரு முனைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றி இணைத்தால் ஊளை அடங்கிவிடும்.