சோதனை நேரத்தில் கிருபை: அந்தமான் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

1. டிசம்பரில் நம் தீவுகளில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து வந்தவருக்குத் தூங்கும்வரை நீண்ட இருட்டு. குடியும், கைபேசியில் பார்க்கக் கூடாததும் கூப்பிடுவது அப்போதுதான். குடும்ப ஜெபத்தைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளாமல், விளக்கு வைத்ததும் முடித்துக்கொள்ளுங்கள்.

2. 'இனி தொடவே மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். 'ஆண்டவரே, என்னால் முடியாது, தாங்கும்' என்று கேளுங்கள். சாகவும் தயார் என்ற பேதுரு அன்றிரவே சேவல் கூவுமுன் மறுதலித்தார். சொந்த உறுதி அவ்வளவுதான் தாங்கும். எபிரெயர் 4:16 தைரியமாகக் கிருபாசனத்தண்டை வரச் சொல்கிறது. விழுந்த பிறகுதான் வரவேண்டும் என்று சொல்லவில்லை.

3. ஜெபித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். 1 கொரிந்தியர் 10:13 சொல்லும் தப்பும் வழி பல வேளைகளில் வீட்டு வாசல்தான். எழுந்து வெளியே போங்கள். சம்பள நாளில் பணத்தை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். ஓடக் காலுக்குப் பெலன் தருவதும் கிருபைதான்.

4. வசனத்தை வாய்க்குப் பழகிய மொழியில் மனப்பாடம் செய்யுங்கள். இந்தியில் படித்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் வசனம் தங்காவிட்டால் இந்தியிலேயே படிக்கட்டும், வருந்த வேண்டாம். கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் நம் தமிழரான வேதப்பன் சாலொமோன். அவரிடம் படித்த நிக்கோபாரியரான ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் பேராயரானார். புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியிலேயே கொடுத்தார். நெருக்கடியில் நாவில் வருவது அந்த மொழிதான் என்பதை அவர் அறிந்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

5. கசப்பும் சோதனைதான். அதை நாம் சோதனைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் கார் நிக்கோபார் பட்ட பாடு கொஞ்சமல்ல. போர் ஓய்ந்ததும் ரிச்சர்ட்சன் கசப்பில் தேங்கிவிடாமல் ஊரையும் சபையையும் எடுத்துக் கட்டுவதில் இறங்கினார். உங்களை நோகடித்தவர் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபியுங்கள். முதலில் வாய் ஒத்துழைக்காது. அதற்கும் கிருபை கேளுங்கள்.

6. விழுந்துவிட்டால் அன்றே ஆண்டவரிடம் அறிக்கையிடுங்கள். நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடமும் சொல்லுங்கள். குடி நோயாகிவிட்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

7. கப்பலில் சென்னைக்குத் தனியாகப் போகிறவருக்கு ஏறக்குறைய மூன்று நாள் கடல். நடுக்கடலில் போன் எடுக்காது. புறப்படும் முன்பே ஜெப நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் அங்கே, நீங்கள் இங்கே, ஒரே நேரத்தில் ஜெபிக்கலாம்.