சிறகொடிந்த கோழியை அறுக்கத்தான் வேண்டுமா?

கோத்தகிரிச் சந்தையானாலும், குன்னூர்ப் பேருந்து நிலையமானாலும், கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களானாலும், நான் கால்நடை வைத்தியன் என்று அறிந்தவுடன் யாரேனும் ஒருவர் எனக்கே உபதேசமாகச் சொல்லத் தவறாத ஒரு வார்த்தை உண்டு: “றெக்கை ஒடிஞ்ச கோழி தேறாதுங்க, பொழுது சாயறதுக்குள்ள அறுத்துடணும், விட்டா கறியில விஷம் ஏறிடும்.” தெரு நாய் கவ்வியதோ, கீரி பாய்ந்ததோ, கதவிடுக்கில் சிக்கியதோ, காரணம் எதுவாயினும் தீர்ப்பு மட்டும் ஒன்றே. இந்த வதந்தியால் மாண்ட நல்ல முட்டைக் கோழிகளை நினைக்கும்போது எனக்குக் கோபமே மேலிடுகிறது.

கோழி வானில் பறந்து இரைதேடும் ஜீவன் அன்று; நிலத்தைக் கிளறிப் பிழைப்பது. பறவையின் எலும்பு பாலூட்டிகளின் எலும்பைக் காட்டிலும் சீக்கிரம் கூடும் சுபாவமுடையது; அசையாமல் வைத்தால் ஏறக்குறைய மூன்று வாரங்களில் சாதாரண முறிவு பிடித்துக்கொள்ளும். சற்றே கோணலாகக் கூடினாலும் முட்டையிடவோ அடைகாக்கவோ அதனால் தடையில்லை. முறிவினால் இறைச்சியில் விஷம் ஏறும் என்பதற்குச் சரீர சாஸ்திரத்தில் எள்ளளவும் ஆதாரம் இல்லை. கவனிப்பாரற்றுச் சீழ் பிடித்த கோழி உண்ணத் தகாது என்பது வாஸ்தவம். அது அலட்சியத்தின் பலன்.

பின் இக்கோழிகள் சாவது எதனால்? முதலாவது, குளிர். சுமார் 41 பாகை செல்சியஸ் உடல் வெப்பமுள்ள பிராணி, அதிர்ச்சியில் ஒடுங்கிக் கிடக்கையில், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் தை மாத உறைபனியில் வெளியே விடப்பட்டால் விடியும்வரை தாங்குவது துர்லபம். இரண்டாவது, நம்முடைய கட்டு. மஞ்சளைக் குழைத்துப் பூசி, பழம்புடவைக் கிழிசலால் மார்போடு சேர்த்துச் சுற்றிய கோழியொன்றை ஒரு லயத்து அம்மாள் என்னிடம் கொண்டுவந்தார். அலகு திறந்திருந்தது, கொண்டை நீலம் பாரித்திருந்தது. “இறுக்கிக் கட்டினாத்தானே சார் எலும்பு கூடும்?” என்றார். நான் கத்தரியால் துணியை வெட்டிய பிறகே அதற்கு மூச்சு சீராயிற்று. நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. மார்பெலும்பு தாழ்ந்து எழும்போதுதான் அதன் காற்றறைகள் துருத்தி போல் காற்றை வாங்கி விடுகின்றன. மார்பை இறுக்கினால் சுவாசத்தையே இறுக்குகிறோம். மேலும், தோளையடுத்த சிறகெலும்பு உள்ளீடற்றது, காற்றறையோடு தொடர்புடையது. அது தோலைக் கிழித்து வெளிவந்திருக்கையில் மஞ்சள் நீரோ மருந்தோ ஊற்றுவது சுவாச உறுப்புக்குள்ளேயே ஊற்றுவதாகும். அத்தகைய காயத்தைச் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோவது ஒன்றே வழி. பிழைக்குமா என்று தீர்மானிக்க வேண்டியவரும் அவரே.

காயமில்லாத முறிவானால், சிறகை அது இயல்பாக மடங்கும் நிலையிலேயே மடக்கி, இரண்டு விரல் அகலத் துணியால் எட்டு வடிவில் சுற்றி, உடலோடு சேர்க்கும் சுற்றுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழையும்படி விடுங்கள். இரத்தத்தைக் கண்ட மற்றக் கோழிகள் கொத்தியே கொன்றுவிடுமாகையால், அடுப்பங்கரை ஓரத்தில் அட்டைப் பெட்டியில், தண்ணீரும் தீனியும் எட்டும்படி, ஏறிக் குதிக்க இடமின்றித் தனியே வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கட்டை வைத்திருந்தால் மூட்டு விறைத்துவிடும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக வார்த்தை வேண்டியதில்லை. சுண்ணாம்பு புண்ணை எரிக்கும். நாய் கடித்த கோழிக்கு வெறி பிடிக்கும் என்பது வீண் பயம். வெறிநோய் பாலூட்டிகளுக்கு வருவது. 1907 முதல் குன்னூரில், வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிலையம் இருக்கும் ஜில்லாவில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது பரிதாபம். காயமே இல்லாமல் சிறகு தொங்கி, கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்தால் அது கண்ணேறு அன்று, வெள்ளைக்கழிச்சல்; தடுப்பூசியால் வராமல் தடுத்திருக்கலாம்.

வலிக்கென்று வீட்டிலுள்ள டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் கரைத்துப் புகட்டுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அது கோழியின் சிறுநீரகத்தையே அழிக்க வல்லது. இந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்றே இந்தியாவின் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு இது தடைசெய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடையாயின. தென்னாட்டில் எஞ்சிய பாறுகளுக்கு நம் மலையடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கே முக்கியமான புகலிடம். ஆகவே கோழிக்கானாலும் மாட்டுக்கானாலும், மனிதருக்கு வாங்கிய வலிமாத்திரை தொழுவத்துக்குள் வரவே கூடாது. இறந்த பிராணியைக் காட்டோரம் வீசாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

கத்தியை எடுக்குமுன் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கோழியைக் கொண்டுபோங்கள். அது தூரமானால் 1962 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை கேளுங்கள்.