ஓடும் காரில் ஒரு முகம்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘சார்புத் திசைவேகம்’ என்னும் பாடத்தை இயற்பியல் மாணவர் அனைவரும் படித்திருக்கிறோம். சூத்திரத்தை எழுதி மதிப்பெண் பெற்றதோடு பலர் அதை மறந்தும் இருப்போம். அப்பாடத்தின் துணைகொண்டு ஒரு கலைஞர் மனித முகங்களைத் தேடிச் சென்றார் என்றால் வியப்பாக இல்லையா?

அவர் அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆண்ட்ரூ புஷ். அவர் படமெடுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கார் வெறும் வாகனமன்று. அது ஒரு வாழ்க்கை முறை. 1940-இல் அங்கு அரோயோ செக்கோ விரைவுச் சாலை திறக்கப்பட்டது. பழைய பசிபிக் எலக்ட்ரிக் மின்ரயில் பாதைகளுள் கடைசியானது 1961-இல் மூடப்பட்டது. காரின்றி அந்நகரில் வாழ்வது கடினமாயிற்று.

புஷ் தம் காரின் பயணி இருக்கைப் பக்கத்தில் காமிராவையும் பிளாஷ் விளக்கையும் பொருத்தினார். 1989 முதல் 1997 வரை, அடுத்த தடத்தில் சென்ற ஓட்டுநர்களைத் தாமும் ஓட்டியபடியே படமெடுத்தார்.

இதிலுள்ள அறிவியலைக் காண்போம். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் கடக்கிறது. சாலையோரம் நின்று, ஒரு விநாடியில் 125-இல் ஒரு பங்கு நேரமே காமிராவைத் திறந்தாலும், அதற்குள் கார் 21 செ.மீ. நகர்ந்துவிடும், முகம் கலங்கிவிடும். இருவரும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் சென்றாலோ சார்புத் திசைவேகம் சுழி! முகம் தெளிவாக நிற்கும், பின்னணிதான் ஓடும். காருக்குள் இருக்கும் இருளை பிளாஷ் ஒளி போக்கும்.

இப்படங்களுக்கு அவர் இட்ட பெயர் ‘வெக்டர் உருவப்படங்கள்’. எண்மதிப்பும் திசையும் உடையதே வெக்டர். அதற்கேற்ப பல படங்களின் தலைப்பில் வேகம், திசை, இடம், நேரம் ஆகியவை உண்டு. ஓட்டுநரின் பெயர் மட்டும் இல்லை.

நாற்புறமும் கண்ணாடி இருந்தும், தம் வீட்டு அறையில் தனித்திருப்பவர் போலவே பலர் காணப்படுகின்றனர். அனுமதி கேளாமல் அத்தனிமையைப் படமாக்கலாமா? இக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அப்படங்கள் எவரையும் எள்ளி நகையாடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைக்க அவர் இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறார். ஓட்டும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று இப்படங்களைப் பற்றிப் படித்த பிறகே எண்ணிப் பார்த்தேன்.

ஒதுங்கி நின்று பார்ப்பவனுக்கு ஓடுகிற வண்டி மட்டுமே தெரியும். உள்ளே இருக்கும் மனிதனைக் காண வேண்டுமானால், அவன் வேகத்தில் அவனோடு சிறிது தூரமாவது செல்ல வேண்டும். இது சாலைக்கு மட்டுமா பொருந்தும்?