கால்பந்து விதிச்சொற்களும் பொருள்தெளிவும்

முன்னுரை

கால்பந்து எனத் தமிழகத்திலும், உதைபந்தாட்டம் என இலங்கையிலும், காற்பந்து எனச் சிங்கப்பூரிலும் வழங்கும் ஆட்டம் ஒன்றே. பெயர் வேறுபடுவதால் பொருளுணர்வதில் இடர்ப்பாடு எழுவதில்லை. இடர்ப்பாடு எழுவது விதிகளை எடுத்துரைக்கும் சொற்களில்தான். 17 விதிகளாக அமைந்த ஆட்டச் சட்டத்தைத் தமிழில் விளக்கும்போது சொல் எளிமையாக இருந்தால் மட்டும் போதாது. விதி எவ்வெவற்றை வேறுபடுத்துகிறதோ அவற்றை அச்சொல்லும் வேறுபடுத்த வேண்டும். இவ்வளவுகோல் கொண்டு மூன்று சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆஃப்சைடு

இச்சொல்லிலுள்ள 'சைடு' பக்கவாட்டைக் குறிப்பதன்று, அணியைக் குறிப்பது. தன் அணியினின்று விலகிப் பந்துக்கு முன்னே நிற்றல் என்பதே இதன் மூலக்கருத்து. இதனை நோக்காது 'பக்கம்' என்பதை அடியாகக் கொண்டு சொல்லாக்கினால், கேட்போர் மனம் பக்கக்கோட்டை நோக்கிச் சென்றுவிடும்; அவ்விதிக்கும் பக்கக்கோட்டுக்கும் தொடர்பில்லை. 'அணிப்புறம்' என்பது மூலக்கருத்துக்கு நெருங்கியது எனலாம்.

விதியின் வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. இங்கிலாந்தில் 1863இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பந்துக்கு முன்னே நின்றவர் ஏறத்தாழ எந்நிலையிலும் ஆட்டத்துக்குப் புறம்பானவரே. 1866இல், எதிரணியினர் மூவர் முன்னிருப்பின் நிற்கலாம் எனத் தளர்த்தப்பட்டது. 1925இல் மூவர் இருவராயினர். 1990 முதல், இறுதிக்கு முந்தைய எதிராளியோடு ஒரே நேர்கோட்டில் நிற்பதும் ஏற்கப்படுகிறது.

'இறுதிக்கு முந்தைய எதிராளி' என்னும் தொடரில்தான் தமிழ் விளக்கங்கள் பெரிதும் வழுவுகின்றன. 'கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நிற்றல்' என எழுதுவது வழக்கமாகிவிட்டது. கோல்கீப்பர் தம் இடத்தில் நிற்கும்வரை இவ்விளக்கம் பொருந்துவதுபோல் தோன்றும். 2010 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் அது பொருந்தவில்லை. தென்னாப்பிரிக்கக் கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட, கோல்கோட்டருகே அவ்வணியின் ஒருவர் மட்டுமே நின்றார். அந்நிலையில் மெக்சிகோவின் கார்லோஸ் வேலா அடித்த கோல் மறுக்கப்பட்டது. 'கடைசி ஆள் முன்னே நிற்கிறாரே' எனப் பார்த்தோர் வியந்தனர். நடுவர் தீர்ப்பு சரியே. விதி எண்ணுவது இருவரை, ஒருவரையன்று. அவ்விருவருள் கோல்கீப்பர் ஒருவராக இருக்க வேண்டும் என்னும் நியதியும் இல்லை.

மற்றொன்று. அவ்விடத்தில் நிற்பது மட்டுமே குற்றமாகாது. தன் அணியினர் பந்தை உதைக்கும் கணத்தில் அங்கு நின்று, பின்னர் ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். பந்தைப் பெறும் கணத்தில் எங்கு நின்றார் என்பது பொருட்டன்று. ஆகவே 'அணிப்புற நிலை', 'அணிப்புறக் குற்றம்' என இரு சொற்கள் தேவை. நேர்முக வருணனையில் 'ஆஃப்சைடு' என்பதே நிலைத்திருக்கட்டும். விதிநூலுக்கு அவ்வொரு சொல் போதாது.

பெனால்டி

இங்குச் சிக்கல் நேர்மாறானது. ஒரு சொல் இரு நிகழ்வுகளைச் சுமக்கிறது. ஆட்டத்தினிடையே, தண்டப் பகுதியில் நிகழ்ந்த குற்றத்திற்காக 11 மீட்டர் தொலைவிலிருந்து உதைப்பது ஒன்று. சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியாளரைத் தேர மாறிமாறி உதைப்பது மற்றொன்று. முன்னதில் கோல்கீப்பர் தடுத்த பந்தை உதைத்தவரே மீண்டும் உதைத்துக் கோலாக்கலாம். பின்னதில் அவ்வுரிமை இல்லை. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டும் நிகழ்ந்தன. மெஸ்ஸியும் எம்பாப்பேயும் ஆட்டத்தினிடையே உதைத்த பெனால்டி கோல்கள் 3-3 என்னும் கணக்கில் சேர்ந்தன. அர்ஜென்டினா 4-2 என வென்ற பிற்பகுதி உதைகள் அக்கணக்கில் சேரவில்லை. முன்னதைத் 'தண்ட உதை' எனல் தகும். பின்னதில் தண்டிக்கப்படுவோர் எவருமில்லையாதலின் 'முடிவுகாண் உதை' எனலே பொருத்தம்.

மறைமுகத் தனி உதை

'தனி உதை' நல்ல ஆக்கம், எதிரணியினர் 9.15 மீட்டர் விலகி நிற்க, இடையூறின்றி உதைப்பதை அது உணர்த்துகிறது. 'இலவச உதை' என்பது நகைப்புக்கே இடமளிக்கும். ஆனால் 'மறைமுக' என்னும் அடை ஒளித்துச் செய்வதுபோன்ற பொருளைத் தருகிறது. உண்மையில் இவ்வுதையில் மறைவு ஏதுமில்லை. நடுவர் தலைக்குமேல் கையை உயர்த்தி அனைவருக்கும் அறிவிக்கிறார். உதைத்த பந்து மற்றொரு ஆட்டக்காரர்மீது பட்ட பின்னரே கோலாகும் என்பதே விதி. 'தொடுவழித் தனி உதை' எனில் அந்நிபந்தனை சொல்லிலேயே அமைந்துவிடும்.